கரண்டி நிறுத்திய அணி

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் சங்கத்தார் பழைய கோட்டை இருக்கும் ஒரு தீவுக்குச் சுற்றுலா போய்வந்தார்கள். கூடப் போன என் சித்தி தொலைபேசியில் பாதிதான் சொன்னார். "படிக்கட்டு வளையுற இடத்துக்கு அப்புறம் எனக்குத் தெரியலடா. நான் கீழதானே உக்காந்திருந்தேன்."

மீதியைச் சித்தப்பாவிடம் கேட்டேன். "போனோம், வந்தோம்" என்றார். அவர் படையில் சமையல்காரராக இருந்தவர். சங்கத்தில் அவருக்குப் பெயர் கரண்டி. ஒரு கரண்டி இவ்வளவு சிக்கனமாகப் பரிமாறும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே வளைவு வரை சித்தி சொன்னது. அதற்கு மேல் என் பொறுப்பு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"கடலின் நடுவே, நூற்றாண்டுகளின் மௌனத்தைச் சுமந்தபடி அந்தக் கோட்டை—"

(வேண்டாம். கோட்டை எதையும் சுமக்கவில்லை. ஏறியவர்கள்தான் தங்களைத் தாங்களே சுமந்தார்கள்.)

"கரண்டி வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, ஆனாலும்—"

(இதுவும் வேண்டாம். சங்கத்தில் அவரைப் பற்றிப் பேச வாயெடுக்கிறவர்கள் எல்லாரும் இந்த 'ஆனாலும்' போடுகிறார்கள். அவருக்கு வயிறு எரிவதே அந்தச் சொல்லால்தான்.)

மூன்றாவது: படகிலிருந்து இறங்கும்போது கரண்டி யார் கையையும் பிடிக்கவில்லை.

இது இருக்கட்டும்.

3

படகிலிருந்து இறங்கும்போது கரண்டி யார் கையையும் பிடிக்கவில்லை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எழுந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பதக்கத்தைக் குத்தியிருந்தார். கோட்டை உச்சியில் கொடிமரத்தடியில் சங்கத்தார் எல்லாரும் நின்று வணக்கம் வைப்பதாக ஏற்பாடு. அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சமையல்காரர் என்று அல்ல, படைவீரர் என்று.

"என்கூடக் கீழயே உக்காருங்களேன், காத்து நல்லா வருது" என்றார் சித்தி.

"காத்து வாங்கவா பதக்கத்தைக் குத்திக்கிட்டு வந்தேன்?"

படையில் லாரி ஓட்டியவர், சங்கத்துக் குசும்பர், குரல் கொடுத்தார்: "கரண்டியண்ணே, மேல எதிரியும் இல்ல, வெங்காயமும் இல்ல. உங்களுக்கு அங்க என்ன வேலை?"

எல்லாரும் சிரித்தார்கள். கரண்டியும் சிரித்தார்.*

* சிரித்தார் என்பது சித்தியின் கூற்று. எனக்குச் சந்தேகம். ஆனால் வளைவுக்குக் கீழே நடந்ததை மாற்றுவதில்லை என்று முடிவு.

சங்கச் செயலாளர் அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தவர். 'விசில்' என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவர் முதல் படியில் ஏறி நின்றார்.

"அணி சேர்! மெதுவா நடக்கிறவர் முன்னால!"

படையில் நெடுந்தூரம் நடக்கும்போது இது பழைய விதி. மெதுவானவர் முன்னால் நடந்தால் மற்றவர்கள் அவர் வேகத்துக்கு அடங்குவார்கள். யாரும் பின்தங்க மாட்டார்கள். விதி எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் கரண்டி பக்கம் திரும்பவில்லை. விரல் நீட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

"நான் நொண்டுறேன்னு சொல்றியா?"

"விதியைச் சொல்றேன்யா. வா முன்னால."

4

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அவர் ஏன் முன்னால் போனார்? கோபத்திலா, கட்டளைக்குப் பழகிய காலாலா?

யோசித்துப் பார்த்தால், படையில் இருந்த நாளெல்லாம் அவர் வரிசையின் முகத்தைப் பார்த்தே நின்றவர். தட்டோடு வருகிறவர்களின் முகங்கள். அவர் போட்ட ஒரே கட்டளை "அடுத்த ஆள்!" என்பதுதான். வரிசைக்கு முதுகைக் காட்டி, முதல் ஆளாக, அவர் ஒரு நாளும் நின்றதில்லை.

போனார். போனதோடு விட்டாரா? வேகத்தைக் கூட்டினார்.

"மெதுவான ஆளா நான்? வாங்கடா பாக்கலாம்." (இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கீழே உட்கார்ந்திருந்த சித்திக்கே அந்த முதுகைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.)

வளைவு வந்தது. சித்தியின் கண் அங்கே முடிகிறது.

5

இனி நான். படிகள் செங்குத்து. கைப்பிடி இல்லை. கரண்டியின் முழங்கால் வலித்தது. வலிக்க வலிக்க ஏறினார். பின்னால் வந்தவர்களும் ஏறினார்கள். எல்லாரும் எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். விதிப்படி முன்னால் போகிறவரை முந்தக் கூடாது. மானப்படி, பின்தங்கவும் கூடாது. மெதுவாகப் போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கரண்டியிடம் போய் யார் கெஞ்சுவது?

லாரிக்காரர்தான் சுற்றி வளைத்தார். "அண்ணே... கோட்டை... எங்கயும்... ஓடிடாது."

"பேசாம நட" என்றார் விசில். அவர் குரலிலேயே காற்று இல்லை.

கரண்டிக்கு அது தேனாக இனித்தது. இன்னும் நாலு படி இப்படியே, என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

திரும்பியதும் முகங்கள். யாருக்கு வயிறு நிறைந்தது, யார் இன்னும் கேட்கக் கூச்சப்பட்டு எழுந்துவிட்டார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் அது. இப்போது ஒவ்வொரு முகமும் வெளுத்திருந்தது. வாய் திறந்திருந்தது. கேட்க மாட்டாத முகங்கள்.

"அணி... நில்!"

காலணிகள் எல்லாம் ஒரே சத்தமாக நின்றன.

6

முடிவுகளும் மூன்று எழுதினேன்.

உச்சிக்குப் போய்க் கொடிமரத்தடியில் நிற்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள்—

(படம் எடுத்தால் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள். வேண்டாம்.)

படகின் சங்கு ஒலிக்கிறது. பாதியிலேயே இறங்குகிறார்கள். சித்தி ஒன்றும் கேட்காமல் தண்ணீர்—

(சித்தியாவது, கேட்காமலாவது!)

மூன்றாவதில் விசில் முன்னால் வந்து, தன் பழைய குரலில் "நட!" என்கிறார். அணி நகர்கிறது.

நகரவில்லை. எழுதிவிட்டு மறுபடி படித்தால், விசில் இருந்த இடத்திலேயே நிற்கிறார். வேர்வை வழிய, கைகள் பக்கவாட்டில் ஒட்ட, கரண்டியைப் பார்த்துச் சொல்கிறார்:

"உத்தரவுக்குக் காத்திருக்கோம்."

லாரிக்காரரும் வாயை மூடி நெஞ்சை நிமிர்த்துகிறார்.

விசிலுக்கு ஒரு தொலைபேசி போட்டால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். எண் என்னிடம் இருக்கிறது. போடவில்லை. நிறுத்தியவர் சொல்லாமல் அணி நகராது. எழுதுகிறவன் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

கீழே சங்கு ஒலிக்கிறது. மேலே கொடி படபடக்கிறது. சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார், மூச்சு திரும்பிவிட்டதா என்று. அவசரமே படவில்லை.

வரிசையின் கடைசியில் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு படி காலியாக இருக்கிறது. நீங்கள் அங்கே நில்லுங்கள். முதுகை நிமிர்த்திக்கொள்ளுங்கள், அவர் உங்களையும் பார்ப்பார்.