பதின்மூன்றாவது பெட்டி

1

இந்தக் கதை எனக்குச் சரக்கு இறக்கும் வாசலில் கிடைத்தது. ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கம், லாரி பின்னால் வந்து முட்டி நிற்கும் மேடையில், நாற்காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேனேஜிங் டைரக்டர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை.

எங்கே தொடங்குவது என்பதில்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் இப்படி எழுதினேன்:

'அதிகாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை அந்தக் கண்ணாடி மாளிகையின் மீது—'

அன்றைக்கு மழை. அடித்துவிட்டேன். அடுத்து:

'பூட்டு என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாள் முதலாக அவனுடைய நெஞ்சத்தின் ஆழத்தில்—'

இது என்னால் தூக்க முடியாத வாக்கியம். எனக்கு எழுத்துக் கூட்ட வந்தபோது மீசை நரைத்திருந்தது. கனம் அதிகமானால் பாதி வழியில் இறக்கி வைத்துவிடுவதுதான் சுமை தூக்குகிறவனின் புத்தி. கௌரவம் பார்த்தால் முதுகு போய்விடும். ஆகவே இந்தக் கதையில் ஆங்காங்கே பாதி வாக்கியங்கள் கிடக்கும். காலில் தட்டிக்கொள்ளாமல் தாண்டி வாருங்கள்.

மூன்றாவது தொடக்கம் என் தங்கை வாயிலிருந்து வந்தது: 'அவ ஒரு திருடி.' சுருக்கமாக, தூக்க வசதியாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

தங்கை திருடி என்று சொன்னது தன் மகளை. கதையின் நாயகி அவள்தான். வீட்டில் பூட்டுக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

"படிக்க வச்சேன். படிச்சு முடிச்சுட்டு அடுத்தவன் பூட்டைத் திறந்துக்கிட்டு இருக்கா," என்பாள் தங்கை.

"பூட்டுப் போட்டவங்களே கூப்பிட்டுத்தாம்மா திறக்கச் சொல்றாங்க."

"ஏன், சாவியத் தொலைச்சுட்டாங்களா?"

"சாவி இல்லாம திறக்குதான்னு பாக்கத்தான்."

"பாத்தியாண்ணே? இதுக்குப் பேரு என்ன?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது வாயில் சோறு இருப்பது நல்லது.

(இப்போது கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள். எனக்கே புரிந்தது.)

முன்பெல்லாம் ஓர் ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி லாகின், தனித்தனி பாஸ்வேர்டு. மனிதர்கள் மறந்து தொலைத்தார்கள். ஆகவே ஒற்றை வாசல் என்று ஒன்று வந்தது. காலையில் ஒரே இடத்தில் நீ யார் என்று நிரூபித்தால் போதும். அந்த இடம் உனக்கு ஒரு கடிதம் கொடுக்கும், காகிதமில்லாக் கடிதம். 'இவர் இன்னார்' என்று எழுதி, கீழே ஒரு முத்திரை. அந்த முத்திரையைத்தான் அவர்கள் கையெழுத்து என்கிறார்கள். அதற்குப் பிறகு சம்பளம், லீவு, வெளிவாசல் கேட்டு என எல்லாக் கதவும் கடிதத்தைப் பார்த்துவிட்டு வழிவிடும்.

கதவுகள் முத்திரையை ஒழுங்காகப் பார்க்கின்றனவா என்று சோதிப்பதுதான் பூட்டுக்காரியின் பிழைப்பு.

நான் சரக்கு இறக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் செய்து, தங்கள் ஆபீசிலும் வைத்திருக்கும் ஒற்றை வாசல் திங்கட்கிழமை ஒரு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே டாக்டர், நர்ஸ், மருந்து அறை எல்லாம் அந்த ஒரே கடிதத்தில் ஓடும். அதற்கு முன் சோதித்துப் பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சோதிப்பதற்கென்றே சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்து, 'இதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்' என்றும் சொல்லியிருந்தார்கள்.

முத்திரையே இல்லாத கடிதத்தை நீட்டினாள். கதவு விரட்டியது. முத்திரையைக் கொஞ்சம் சிதைத்து நீட்டினாள். விரட்டியது. தானே ஒரு முத்திரை செய்து குத்தினாள். அதையும் கண்டுபிடித்தது. 'பரவாயில்லையே' என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. அப்புறம் தன் சொந்தக் கடிதத்தை, ஒழுங்கான முத்திரையோடு, அப்படியே வைத்துக்கொண்டாள். அதற்கு மேலே முத்திரையில்லாத ஒரு துண்டை மட்டும் ஒட்டினாள்: 'இவர் மேனேஜிங் டைரக்டர்.'

கதவு கீழே குனிந்து முத்திரையைப் பார்த்தது. சரி. நிமிர்ந்து பெயரைப் படித்தது. மேலே முதலில் கண்ணில் பட்ட பெயரை.

'வாங்க சார்' என்றது.

3

உள்ளே போனவள் எதையும் கெடுக்கக் கூடாது; ஆனால் போனதற்கு ஓர் அடையாளம் வேண்டும். பூட்டுக்காரி யோசித்து, உலகத்திலேயே யாருக்கும் தீங்கில்லாத காரியம் ஒன்றைச் செய்தாள். டைரக்டர் பெயரில் மறுநாள் வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் லீவு போட்டாள். டைரக்டரின் லீவுக்கு அனுமதி தரவேண்டியவர் டைரக்டர். அதையும் அவளே கொடுத்தாள்.

நகலில்தானே செய்தாள்? நகலில்தான். ஆனால் நகலெடுத்தவர்கள் எல்லாவற்றையும் நகலெடுத்தார்கள். கேட்டை எப்படி நகலெடுப்பது? இரும்பு ஆயிற்றே. 'இதுக்கு மட்டும் நிஜத்தையே இணைச்சுக்கலாம், அப்புறம் கழட்டிக்கலாம்' என்று இணைத்தார்கள். கழற்ற மறந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. மழை. டைரக்டர் கார்டை நீட்டினார். கேட்டு சிவப்பு காட்டியது.

"சார், நீங்க இன்னிக்கு லீவு," என்றார் காவலாளி.

"என்னய்யா லீவு? உன் முன்னாடி நிக்கறேனே!"

"நிக்கறீங்க சார். ஆனா சிஸ்டத்துல நீங்க லீவு."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். போன மாசம் ஒரு ரூல் போட்டாங்க. லீவுல இருக்கறவங்கள யாரா இருந்தாலும் உள்ள விடக்கூடாது, விட்டா காவலாளிக்கு வேலை போயிடும்னு."

"யாரு போட்டது அந்த ரூலை?"

காவலாளி மரியாதை தெரிந்த மனிதர். குடையை மட்டும் நீட்டினார். டைரக்டர் அதை வாங்காமலே நடந்தார்.

4

இங்கேதான் நான் வருகிறேன். டைரக்டர்* கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்பக்க மேடைக்கு நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். என் ட்ராலியில் பன்னிரண்டு நாற்காலிப் பெட்டிகள்.

"பெரியவரே, இது எங்க போகுது?"

"மூணாவது மாடி மீட்டிங் ரூமுக்குங்க."

"நானும் அங்கதான் போகணும். ஒரு பக்கம் நான் தள்ளறேன்."

தள்ளினார். நன்றாகவே தள்ளினார், பொய் சொல்லக் கூடாது. சரக்கு வாசல்காரர் என் சரக்குச் சீட்டை வாங்கினார், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், 'பன்னிரண்டு பெட்டி, போங்க' என்றார். ட்ராலிப் பக்கம் திரும்பவே இல்லை. சீட்டில் பன்னிரண்டு பெட்டி. உள்ளே போனது பன்னிரண்டு பெட்டியும் ஒரு டைரக்டரும்.

(* இந்த டைரக்டரை முதலில் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். பெரிய தொப்பை, ஒரு மோதிரம்கூடப் போட்டேன். பூட்டுக்காரி படித்துவிட்டு, "மாமா, அவர் ஒல்லி. எனக்கு அவர் கையாலயே டீ போட்டுக் குடுத்தாரு," என்றாள். நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று அவளுக்குத் தெரியாது. தொப்பையை எடுத்துவிட்டேன்.)

மீட்டிங் அறையில் நான் பெட்டிகளைப் பிரிக்கப் பிரிக்க, அவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர்தான்: டைரக்டர், பூட்டுக்காரி, கதவு செய்த இன்ஜினியர். இன்ஜினியர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவே இல்லை.

"கேட்டு விஷயத்த நான் பெருசு பண்ணல," என்றார் டைரக்டர் தலையைத் துவட்டிக்கொண்டே. "நகலை ஒழுங்காப் பிரிக்காதது எங்க தப்பு. ஆனா ரிப்போர்ட்டுல 'பெரிய ஓட்டை'ன்னு எழுதியிருக்கீங்களே, அத 'சின்னத் திருத்தம் தேவை'ன்னு மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி காத்துட்டு இருக்கு. அடுத்த மாசம் சரி பண்ணிடறோம்."

"அதுவரைக்கும் யார் வேணா டாக்டர் ஆகலாம் சார்."

"யாரும்மா ஆவாங்க? இந்த வித்தை உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"என்னை எத்தனை நாளா சார் தெரியும் உங்களுக்கு?"

டைரக்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கண்ணாடியைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. முத்திரை சரியா இருக்கான்னு சிஸ்டம் பாக்குதா இல்லையா?"

"பாக்குது சார்."

"அப்புறம் என்ன?"

"நீங்க இன்னிக்கு எப்படி சார் உள்ள வந்தீங்க?"

நான் கடைசிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த டேப் கிழிந்த சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வரணும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார் டைரக்டர். "இல்லன்னா வேற ஆள் போடுவாங்க."

வராந்தாவில் அவள் என் ட்ராலியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு வரி போதும் மாமா. அவர் பேர்ல உள்ள போய், 'திங்கட்கிழமை வேணாம்'னு ஒரே ஒரு வரி. முடிஞ்சுது."

"அப்ப போடேன்."

"போட்டா அம்மா சொன்னது சரியாயிடுமே."

5

அன்று பிற்பகல் ஓர் உத்தரவு வந்தது. அதைப் பூட்டுக்காரி அனுப்பவில்லை. அவள் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதற்குச் சாட்சி உண்டு. மேலும், அவள் பார்ப்பதற்கு லட்சணமாக இருப்பாள் என்பதை ஆசிரியர் இதுவரை குறிப்பிடத் தவறிவிட்டார்.

5

மேலே உள்ள ஐந்தை நான் எழுதவில்லை. இதுதான் என் ஐந்து.

நான் பேனாவில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது பூட்டுக்காரி. அடித்து வந்ததைப் படித்தபோது, கதைக்கு ஓர் ஐந்து கூடியிருந்தது.

"இத யாரும்மா சேத்தது?"

"எது மாமா? நீங்க எழுதினததான் அடிச்சேன்."

"லட்சணமா இருப்பான்னு நானா எழுதினேன்?"

"ஏன், இல்லையா?"

நான் தாய்மாமன் ஆயிற்றே. அழிக்காமல் விட்டேன்.

இனி நடந்தது. பிற்பகல், நான் காலி அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, எல்லாத் திரையிலும் டைரக்டர் பெயரில், ஒழுங்கான முத்திரையோடு, ஓர் உத்தரவு வந்து விழுந்தது: 'திங்கட்கிழமைத் தொடக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. கையெழுத்துச் சரிபார்ப்பைத் திருத்தி, மறுபடி சோதித்த பிறகே தொடங்கும்.'

கட்டடம் முழுக்கக் கசமுசாவென்றது. இன்ஜினியர் ஓடினார். பூட்டுக்காரியும் ஓடினாள், வாயில் இன்னும் மென்றுகொண்டே.* டைரக்டர் அறையில் போன் அடித்தது. மருத்துவமனைக்காரர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், அதுதான் அவர் செய்த தப்பு.

"சார், உங்க பேர்ல ஒரு உத்தரவு வந்திருக்கு. இது நீங்க அனுப்பினதுதானே?"

டைரக்டர் ஸ்பீக்கர் பட்டனைத் தேடினார்.

அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். 'நான் அனுப்பல' என்றால், அவர் பெயரில் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது. அப்படிப்பட்ட பூட்டை எந்த மருத்துவமனை வாங்கும்? 'நான்தான்' என்றால் திங்கட்கிழமை கிடையாது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"ஆமா," என்றார் கடைசியில். "நான்தான். உங்க நோயாளிங்க நல்லதுக்குத்தான்."

"ரொம்பப் பெரிய மனசு சார்," என்றது போன்.

பூட்டுக்காரி இன்ஜினியரைப் பார்த்தாள். இன்ஜினியர் அவளைப் பார்த்தார். இருவரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் இருவரையும் பார்த்தார். ரிப்போர்ட்டில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்ல இனி யாருக்கும் காரணமில்லை. அவள் 'பெரிய ஓட்டை' என்பதன் கீழேயே கையெழுத்துப் போட்டாள்.

(* இது அவளுக்குச் சாதகமான சாட்சியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரி அனுப்பிவிட்டு ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.)

6

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அனுப்பியது பூட்டுக்காரி. இதை எழுதினால் என் தங்கை ஜெயித்துவிடுவாள். அந்த வீட்டில்தான் நான் சாப்பிட வேண்டும்.

இரண்டு: அனுப்பியது இன்ஜினியர். அவர் செய்த கதவு. ஓட்டை எங்கே என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். மாலையில் லிஃப்டில் பார்த்தேன், கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. ஆனால் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் மேல் பழி போடுவது—

மூன்று: டைரக்டரே அனுப்பினார். பெட்டியோடு பெட்டியாக வந்ததை நினைத்து நினைத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெயரில் தானே—

மூன்றையும் அங்கேயே இறக்கி வைத்தேன். ஏனென்றால் உண்மையான முடிவு ஒன்று நடந்தது. அன்று மாலை டைரக்டர் மறுபடி என் மேடைக்கு வந்தார்.

"என்ன சார், திரும்பவும்?"

"கேட்டு வெளிய விட மாட்டேங்குது. உள்ளயே வராதவன் எப்படிய்யா வெளிய போவான்னு கேக்குது."

காலி ட்ராலியின் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டேன். இருவரும் தள்ளினோம். சரக்கு வாசல்காரர் சீட்டின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'காலி ட்ராலி, போங்க' என்றார்.

மழை விட்டிருந்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த உத்தரவு நீங்க அனுப்பினதா?"

அவர் நின்றார். ட்ராலியைப் பிடித்தபடியே திரும்பி, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தெளிவாக, ஒரே வார்த்தையில். நான் கேட்டேன்.

அதை இங்கே எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அடியில் என் கையெழுத்து இருக்கிறது, கோணல்மாணலாக இருந்தாலும் அசல், யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் நான் கையெழுத்துப் போட்டது பேனாவில் எழுதிய காகிதத்தில். நீங்கள் படிப்பது அடித்து வந்ததை. நடுவில் ஓர் ஐந்து நுழைந்ததை நீங்களே பார்த்தீர்கள். எது நுழைந்தது, எது என்னுடையது என்று நான் சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்தீர்கள்.

நான் சொன்னேன் என்பதும் அடித்து வந்ததில்தான் இருக்கிறது.

ஆகவே அந்த ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். போடும்போது கீழே இருக்கும் கையெழுத்தைப் பார்க்காதீர்கள். ட்ராலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

"________," என்றார் டைரக்டர்.

(கையெழுத்து)