கடற்படைப் பல்செட்

துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவரைத் தெருவே கிரேன்காரர் என்றுதான் கூப்பிட்டது. எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் தோன்றுவது அதன் எடை. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால்கூட, "போன மாசத்தைவிட அரைக் கிலோ கூடியிருக்கு" என்று சொல்லித்தான் இறக்கி வைப்பார். தராசில் வைத்துப் பார்த்தால் தராசுதான் தப்பாக இருக்கும்.

எடை தூக்கியே தேய்ந்தனவோ என்னவோ, அவர் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. கடைசிப் பல் மூத்த மகளின் கல்யாண வாரத்தில்தான் விடைபெற்றது. குடும்பப் படத்துக்கு நின்றபோது பொக்கைவாயை மறைக்க உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். படம் வந்தது. அதில் நிற்பவர் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவராகத் தெரியவில்லை, சரக்கோடு கப்பலைக் கவிழ விட்டவராகத் தெரிந்தார். மூத்த சம்பந்தி அந்தப் படத்தை வாசலுக்கு நேராக மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மேல அவருக்கு என்ன குறைன்னு இன்னும் தெரியலை, மூஞ்சியைப் பாருங்க" என்று விளக்கம் சொல்லி வந்தார். தபால்காரர்கூட அனுதாபப்பட்டுவிட்டுப் போவாராம்.

அதனால்தான் தன் கல்யாணம் நிச்சயமானதும் இளையவள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போட்டோவுல நீங்க பல்லு தெரியச் சிரிக்கணும். அக்கா இன்னும் உங்க மூஞ்சிக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கா."

கிரேன்காரர் அன்றே பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் கைராசிக்காரர். ஆனால் மற்ற கிளினிக்குகளில் ஈறு, பல் படம் தொங்கும் இடத்தில் அவர் போர்க்கப்பல் படங்களை மாட்டியிருந்தார். வாய் கொப்பளிக்கும் கிண்ணத்துக்கு நேர் மேலே ஒரு நாசகாரிக் கப்பல் சீறிக்கொண்டு வரும். நோயாளி துப்புகிற எச்சில் அதன்மேல் படாமலிருக்கக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். நாள் முழுக்கப் பல் எண்ணிப் பிழைப்பவர் என்பதால் உலகத்தில் எல்லாமே அவருக்கு எண்ணிக்கைதான்.

முதல் நாளே மோதல் தொடங்கிவிட்டது.

"உலகத்துலயே பெரிய கடற்படை இப்போ சீனாக்காரனோடதுதான் ஐயா. கப்பலை எண்ணிப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர், ஈற்றைத் தடவிக்கொண்டே.

கிரேன்காரர் டாக்டரின் விரலை வாயிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "எண்ணி என்ன பண்றது டாக்டர்? எடை போட்டுப் பாருங்க. அமெரிக்காக்காரனோட விமானந்தாங்கி ஒண்ணு லட்சம் டன்னு. அப்படிப் பதினொண்ணு வச்சிருக்கான். உங்க ஆளோட குட்டிக் கப்பலையெல்லாம் கொக்கியில கோத்து, அந்த மேல்தளத்துல காயப் போட்டுடலாம்."

"சரி. முப்பத்திரண்டு பல்லு இருக்கறவனும், பெரிய கடவாய்ப்பல் ஒண்ணே ஒண்ணு இருக்கறவனும் சமமா?"

"ஒண்ணும் இல்லாதவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

மெழுகைக் குழைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் தோள் குலுங்கியது. அவருக்கு எந்த நாட்டுக் கடற்படையும் ஒன்றுதான். இரண்டு பேரும் வாயை மூடினால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகலாம்.

தாடை அளவு எடுக்கும் நாள் வந்தது. வாய்க்குள் மெழுகுக் கட்டையை வைத்து, இயல்பாகக் கடிக்கச் சொன்னார் டாக்டர். அந்தக் கடியை வைத்துத்தான் செட் செய்வார்கள். தாடை ஒரு நூல் தள்ளியிருந்தாலும் செட்டும் அப்படியே வரும். கிரேன்காரர் சாதுவாகக் கடித்தார். டாக்டர் அத்தோடு விட்டிருக்கலாம். எதிராளி வாயில் மெழுகு இருக்கும் சந்தர்ப்பம் மறுபடி கிடைக்குமா?

"பதினொண்ணு இருக்குங்கறீங்களே, அதுல பாதி எப்பவும் ரிப்பேர்லதான் கிடக்கும்" என்றார்.

கிரேன்காரருக்கு உச்சந்தலையில் ஆவி கிளம்பியது. பேச முடியாது. கீழ்த்தாடையை டாக்டரை நோக்கி முன்னே தள்ளினார். மேலுதட்டின் இடது மூலை ஏளனமாக ஏறியது. அந்த ஒரு தாடையிலேயே பதினோரு விமானந்தாங்கியும் கரும்புகை கக்கிக்கொண்டு அணிவகுத்தன. டாக்டரும் கொதிப்பில் இருந்ததால் தாடையைக் கவனிக்கவில்லை. மெழுகு இறுகியதும் பிடுங்கி லேபுக்கு அனுப்பிவிட்டார்.

செட் வந்ததும் போட்டுப் பார்த்தார்கள். அன்று சண்டை நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி. செட் பிறவிப் பல்லாக ஒட்டிக்கொண்டது. "என் தொழில்லயே இப்படிப் பொருந்தினதில்லை" என்று டாக்டர் பூரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் நின்று கிரேன்காரர் சிரித்துக் காட்டினார். செட் மனைவியின் காபி டம்ளருக்குள் குதித்தது. எடுத்துக் கழுவிப் போட்டார். "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பதற்குள் மடியில் விழுந்தது. தும்மினார், அது ஜன்னலைத் தாண்டியது. எதிர்வீட்டு நாய் கவ்விக்கொண்டு சிரித்த அழகு அவருக்குக்கூட வரவில்லை.

சாயங்காலம் செய்தியில் யாரோ கடற்படைகளை எண்ணிக்கை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். "அட முட்டாளே, எடையைச் சொல்லு" என்று கிரேன்காரர் தொலைக்காட்சியைத் திட்டத் தொடங்கினார். அரைமணி நேரம் திட்டினார். செட் அசையவே இல்லை.

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இது சண்டைக்கு மட்டும்தான் நிக்குது."

மறுநாள் இளையவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகக் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் தாடையைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், முகம் வெளுத்தார்.

"அளவு எடுக்கும்போது வாயை அசைச்சீங்களா?"

"நீங்க வாயை மூடியிருந்தீங்களா?" என்றார் கிரேன்காரர்.

"புதுசா செய்ய வாரக்கணக்குல ஆகுமே. கல்யாணம் என்னைக்கு?"

"நாளைக்கு" என்றாள் இளையவள். அவள் குரல் உடைந்ததும் இரண்டு வல்லரசுகளும் தலைகுனிந்தன.

நர்ஸம்மாதான் பேசினார். "டாக்டர் போய் போட்டோக்காரர் பக்கத்துல நிக்கட்டும். இவருக்குப் பல்லு நிக்கணும், அவ்வளவுதானே?"

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கையெழுத்து முடிந்து எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா குழாய் வேலைக்காரர், பேசாத மனிதர். ஒரு பக்கம் மூத்த சம்பந்தி, சாட்சி சொல்ல வந்தவர் போலக் கிரேன்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் தோளுக்குப் பின்னால் டாக்டர்.

"எல்லாரும் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

கிரேன்காரர் சிரிக்கப் போனார். செட் நழுவியது. கையால் பொத்திக்கொண்டார்.

"எண்ணிக்கைதான் பலம்" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

தாடை முன்னே வந்தது. செட் சிக்கென்று உட்கார்ந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு படி இறங்கி நின்றுகொண்டார்.

"அப்பா" என்றாள் இளையவள். "இது அக்கா போட்டோவைவிட மோசம்."

மூத்த சம்பந்தி பெருமூச்சு விட்டார், தனக்கு ஒரு துணை கிடைத்த நிம்மதியில்.

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். மணப்பெண்ணின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். கிளினிக் சுவரில் தொங்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாக மனக்கண்ணில் மூழ்க, தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. எடைதான் பலம். நான் தோத்துட்டேன்."

அவ்வளவு பேர் முன்னால். கிரேன்காரரின் தாடை முன்னே தள்ளியபடியே நின்றது, ஏறிய உதடு அப்படியே அகன்றது, கண் இரண்டும் ஒளிர்ந்தன. லட்சம் டன்னைத் தூக்கி அலுங்காமல் இறக்கி வைத்தவனின் சிரிப்பு. செட் மலைபோல நின்றது.

அந்தக் கணத்தில் பேசாத மனிதர் வாயைத் திறந்தார். "ரெண்டும் இல்லைங்க சம்பந்தி. கண்ணுக்குத் தெரியாம அடியில ஓடறதுதான் பலம். நீர்மூழ்கியைக் கணக்குல எடுங்க." மாப்பிள்ளை, "அப்பா, சும்மா இருங்க" என்றார். மூத்த சம்பந்தி, "அதெப்படி?" என்று திரும்பினார். போட்டோக்காரர் பொத்தானை அழுத்தினார்.

படத்தில் மணப்பெண்ணும் அவள் அப்பாவும் மட்டும் சிரிக்கிறார்கள். மற்ற எல்லாரும் வாய் திறந்து, விரல் நீட்டி, நடுக்கடலில் இருக்கிறார்கள். இளையவள் அதைப் பெரிதாக்கிப் புகுந்த வீட்டில் மாட்டினாள்.

பார்க்க வந்த மூத்த சம்பந்தி வெகுநேரம் அதன் முன்னாலேயே நின்றார். "இந்த வீட்டுக்கு மட்டும் இவ்வளவு சிரிப்பா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்காமல் கிளம்பினார்.

வேறு வழியில்லை. மூத்தவளோடும் புதிதாக ஒரு படம் எடுத்துவிடுவது என்று மனைவி முடிவு செய்தாள். கிரேன்காரர் டாக்டரைக் கூப்பிடப் போனார்.

"தாராளமா வரேன் ஐயா" என்றார் டாக்டர், கை கழுவிக்கொண்டே. "ஆனா இந்தத் தடவை நீங்க தோக்கணும்."

"தோத்தா எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?"

"அப்போ உக்காருங்க. பேசாம, இயல்பாக் கடிச்சு, புதுசா ஒரு அளவு கொடுங்க."

கிரேன்காரர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார். மெழுகு உள்ளே போனது. அறை அமைதியாக இருந்தது. நர்ஸம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் கிண்ணத்துக்கு மேலே சீறிவரும் கப்பலைப் பார்த்தார்.

"இருந்தாலும் ஐயா" என்று ஆரம்பித்தார்.

நர்ஸம்மா கைப்பையைக் கழற்றிப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.