கோட்டைக் கதவைச் சாத்தியவன்

"கதவ உள்பக்கமாச் சாத்திட்டு நின்னான் பாரு, அந்தக் கதையிலேயே அதுதான்…"

"இல்லைங்க, ஓடக்காரி வெறும் படகோட திரும்பி வந்தாளே…"

"நான் சொல்லி முடிச்சிடறேன் புள்ள."

"நீங்க எங்கங்க முடிப்பீங்க. மழை தொடங்குனதுல இருந்து அதையேதான் சொல்றீங்க."

ஞானப்பிரகாசமும் சூசையம்மாவும் இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே, றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருக்கும் கணவன் மனைவி. மகள் போனில் ஏற்றிக் கொடுத்த டிராகன் கதையை மாலைகளில் சேர்ந்து கேட்டிருந்தார்கள். ஊர்சனம் ஆற்றைக் கடந்து தப்பட்டும் என்று, கிழட்டுக் காவலன் கோட்டைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு டிராகனுக்கு எதிரே நிற்கும் இடத்தில் அவர் அழுதார். அவள் அழுதது அதற்கடுத்த இடத்தில். அவன் பெண்டாட்டி, ஓடக்காரி, எல்லாரையும் அக்கரையில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். விடியலில் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற மனிதர், அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மண் சரியலாம், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள் என்று கிராம சேவகர் காலையில் வந்து சொல்லிப் போனார். கீழே பன்சலையில், புத்த விகாரையில், ஹாமதுரு பிக்கு மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் பாயும் பானையுமாகக் கிளம்பிவிட்டார்கள். ஞானப்பிரகாசம் மட்டும் நகரவில்லை. பசு இன்றோ நாளையோ கன்று போடும், சறுக்குகிற படியில் அதை இறக்க முடியாது, நீ போ என்றார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தாள். மகள் போனில் அழுததையும் சொன்னாள்.

"யாராவது ஒருத்தன் நிக்கணும்ல புள்ள."

"இங்க டிராகனா வருது? மண்ணுங்க. நீங்க நிக்கிறது அதுக்குத் தெரியவா போகுது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் அவள் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார். சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவளும் வாசல்வரை போனாள். கடைசிக் குடை வளைவில் மறைந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. அது அவருக்கும் கேட்டது, ஆனாலும் தொழுவத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் உள்ளே வந்து பையை இறக்கினாள். அடுப்படியில் குந்தி விறகை அடுக்கினாள். அளக்கிற சுண்டை எடுத்து அரிசிக்குள் விட்டாள்.

"ரெண்டு பேருக்கும் உலை வைக்கவாங்க?"