கூடவே வந்த வட்டம்

அவர் முதல் கால்பந்து க்ளப்பை விட்டுக் கிளம்பிய நாளில் மைதானத்தின் நடுவிலிருந்த வெள்ளை வட்டமும் கூடவே கிளம்பிவிட்டது. தப்பு அவர்மேல்தான். "நடுவை விட்டு நகரக் கூடாது" என்று பயிற்சியாளர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கோடு போடுகிறவர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அசையாமல் நின்றார். "யோவ், தள்ளி நில்லுய்யா" என்று கத்திப் பார்த்த அந்த மனிதர், அவரைச் சுற்றியே வட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஆள் போகிற இடமெல்லாம், பத்துத் தப்படி தள்ளி, கோடும் போனது. மழையில் கரையவில்லை, துடைத்தாலும் போகவில்லை.

இரண்டாவது க்ளப் இதைக் கேள்விப்பட்டேதான் அவரை வாங்கியது. ஆட்டம் தொடங்கும்போது வட்டத்துக்குள் எதிரணி நுழையக் கூடாது என்பது விதி. பழக்கதோஷத்தில் எதிராளிகள் ஆட்டம் முழுக்கவே கோட்டருகில் வந்ததும் நின்றுவிடுவார்கள். எந்த நடுக்கள ஆட்டக்காரனுக்கும் கிடைக்காத இடம் அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு இடத்தையும் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தலைநிமிர்ந்து பார்த்து, பந்தை எதிரணிக்காரன் காலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நெருக்கடியில் தவறிவிட்டது என்று சொல்லக்கூட வழியில்லை. மூன்றாவது க்ளப் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தது. வட்டத்தில் பாதி பார்வையாளர் பக்கம் விழ, டிக்கெட் வாங்கியவர்கள் கோட்டுக்குள் உட்காரத் தயங்கினார்கள். நான்காவது க்ளப் எதற்கு வாங்கியது என்று அவருக்கே தெரியாது.

க்ளப் மாறினால் வீடும் மாறும். எந்த வாடகை வீடும் அந்த வட்டத்தைக் கொள்ளவில்லை. சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டு அடுப்படியிலும் எதிர்ச் சலூன் தரையிலும் ஓடியது. அவர் புரண்டு படுத்தால் அங்கே கோடு நகரும். "என்னக்கா, உங்க வீட்டுக்காரரு விடியறதுக்குள்ள நாலு தடவை பாத்ரூம் போயிட்டாரு போல, வயிறு சரியில்லையா?" என்று அடுத்த வீட்டுக்காரி விசாரித்ததில் அவர் மனைவிக்கு மானமே போனது.

அந்த நான்காவது ஊரில்தான் மனைவி தையல் மெஷின் வாங்கி, வாடிக்கையும் பிடித்திருந்தாள். "இன்னொரு தடவை மூட்டை கட்டுறதா இருந்தா நீங்க மட்டும் கட்டிக்கோங்க" என்று ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அடுத்த மாதமே ஏஜெண்ட் வந்தான். தொலைதூரத்தில் ஒரு க்ளப், இரண்டு வருட ஒப்பந்தம். முட்டி தேய்ந்த தன்னையும் ஒருவர் கேட்கிறாரே என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஏஜெண்ட் தலையைச் சொறிந்தான். "அது வந்துண்ணே... அவங்களுக்கு வட்டம் மட்டும் போதுமாம். புது மைதானம், அழியாத கோடு வேணுமாம். நீங்க நடுவுல சும்மா நின்னாப் போதும். ஆட மட்டும் வேணாம்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

அவர் திறமைக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. யோசித்தார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"வேணாம் தம்பி" என்றார். மெஷின் மறுபடி ஓடியது.

இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு, அதே ஊரில் ஒரு குடோனில் மூட்டை இறக்குகிறார். லாரிக்காரர்கள் கோட்டைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிடுவதால், மற்றவர்களைவிடப் பத்துத் தப்படி கூடுதலாகச் சுமக்கிறார். சாயங்காலம் தெருமுனையில் ஆளுக்கு முன்னால் கோடு திரும்பும். சலூன்காரர் பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கி வழிவிடுவார். கோடு வாசற்படி ஏறி மெஷினுக்கு அடியில் வரும்போது, மனைவி துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.