அறுநூறு அடியில் நின்ற ஹேமர்

1
இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்குப் பக்கத்து மனையில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டி போட்ட சத்தத்தில் ஒரு வரி எழுத முடியவில்லை. திட்டப் போனேன். தலையெல்லாம் கல்தூளாக நின்ற பெண், “கொஞ்சம் பொறுத்துக்குங்க, புது ஹேமரைச் சோதிச்சுட்டு இருக்கறனுங்க” என்றாள். மோகனப்பிரியா. திருச்செங்கோட்டு ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் மெக்கானிக்கல் இன்ஜினியர். போன காரியத்தை மறந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

2
‘சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது அவளுக்குத் தீராத...’

(சே! அடித்துவிட்டேன். அவளுக்குப் பிடித்தது உடைந்த இயந்திரம்.)

வேலையில் சேர்ந்த புதிதில், உடைந்த ஹேமர்களைப் பட்டறை பட்டறையாகப் பொறுக்கி, அறுத்து, எங்கே விரிசல் விட்டதென்று பார்த்தாள். துளைக்குள் இறங்கிப் பாறையை இடிக்கிற சுத்தியல்தான் ஹேமர். அதற்குக் காற்று வேண்டும், காற்றுக்கு டீசல் வேண்டும். அந்த டீசலைக் குறைக்கிற ஹேமருக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினாள். செய்ததெல்லாம் உடைந்தது. அசரவில்லை, மகராசி.

3
கடைசிச் சோதனை நேற்று, மல்லசமுத்திரத்தில், முத்தாயம்மாளின் காய்ந்த மரவள்ளிக் காட்டில். கம்பெனிச் செலவில் போர். ஹேமர் ஆயிரம் அடி இறங்கினால் உற்பத்தி. இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்று முதலாளி தீனதயாளன் சொல்லிவிட்டார்.

அறுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியது. டிரில்லர் செங்கோடன் பட்டென்று நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டார். தண்ணீரைக் கண்டால் நிறுத்துவது ரிக்காரர் வழக்கம். சோதனை என்பதே அவருக்கு மறந்துபோனது.

“இன்னும் போலாமாண்ணா?” என்று கேட்டாள் மோகனப்பிரியா.

“போலாம் அம்மிணி. ஆனாக் கீழ வெடிப்பிருந்தா, வந்த தண்ணியும் எறங்கிருமுங்க.”

முத்தாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “போதுஞ் சாமி. இதுக்கு முந்திப் போட்ட போரெல்லாம் சொட்டுத் தண்ணியில்லாமப் பொகையாப் போச்சு.”

4
நான் முதலில் எழுதிய முடிவு: ஆயிரம் அடியும் ஓட்டினாள், தண்ணீரும் தங்கியது, ஹேமரும் ஜெயித்தது. போனில் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

“நமக்கோசரம் தண்ணி நிக்குமுங்களா? அறுநூறோட போதும்னு ராடை மேல ஏத்தச் சொல்லிட்டனுங்க.”

“வருத்தமில்லையா?”

“கார்ல ஏறி அழுதனுங்க. அப்பறம் ஹேமரைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லீங்க!”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

5
நாளைக் காலை அவள் முதலாளியைப் பார்க்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் தீனதயாளனை அவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அதில் உங்களை உட்கார வைக்கிறேன். கதவு திறக்கிறது.

“ஆயிரம் அடி போகலீங்க சார். நாந்தான் நிறுத்தச் சொன்னேன்.”

நின்றுகொண்டிருக்கிறாள். உற்பத்தியா, மூடுவிழாவா? சொல்லுங்கள்.