மேசைக்கு இந்தப் பக்கம்

டிரைவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் புள்ளியியல் புத்தகத்தோடு நின்றார்கள். உள்ளே கூடத்தில் அவர் மனைவியை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள்.

"மேடம் இருக்காங்களா அங்கிள்? இன்னைக்கு வீட்டுக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்துச்சு."

மேடம் என்றது அவர் மனைவியைத்தான். அவள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர். ஃபெயிலாகப் போகிற பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, எதைப் படிப்பது, யாரிடம் கேட்பது என்று வழி பண்ணிக் கரையேற்றுவது வேலை. அவர்கள் வீணாக அலையக் கூடாதே என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் போனை எடுத்து இன்றைய சந்திப்புகளை ரத்து செய்தார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் மாட்டிக்கொண்டது அவளுடைய கண்ணாடி. அழுத்தியது 'ரத்து' இல்லை, 'இடமாற்றம்'. புது இடம் எது என்று போன் கேட்டதற்கு, துக்கம் விசாரிக்க வரத்தான் கேட்கிறது என்று வீட்டு முகவரியையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்.

"யாரு அத்தான் இவங்கல்லாம்?" என்றாள் மைத்துனி.

"அக்காகிட்ட பாடம் கேக்க வந்த பசங்க. நான்தான் வரச் சொல்லிட்டேன்."

"இன்னைக்கா? உங்க கையில போனைக் கொடுத்தவங்களைச் சொல்லணும்!"

அதற்குள் பிள்ளைகள் கூடத்தைப் பார்த்துவிட்டார்கள். உள்ளே வந்து, கும்பிடுவதா அழுவதா என்று தெரியாமல் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரிலும் நெட்டையாக இருந்தவனை 'அரியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எழுதிய தாளெல்லாம் அரியர் வைத்தவன். அவள் பக்கத்திலேயே இருந்து அத்தனையையும் தேற்றிவிட்டாள். இப்போது அவனே ஜூனியர்களுக்குச் சொல்லித் தருகிறான். பெயரை மட்டும் தேற்ற முடியவில்லை.

"நாங்க கெளம்புறோம் அங்கிள்."

"பரீட்சை எப்போ?"

"நாளைக்கு."

"அப்புறம் எங்க கெளம்புற? உக்காரு. உன்னை அனுப்பிட்டேன்னு தெரிஞ்சா எழுந்து வந்து என்னைத்தான் கேப்பா."

மூலையில் ஜமக்காளம் விரித்தார். அரியர் எல்லோரையும் தன் பக்கமாகவே உட்காரவைத்தான். "எதிர்ல உக்காந்தா விசாரணை, பக்கத்துல உக்காந்தா பாடம்னு மேடம் சொல்லுவாங்க" என்றான். அவனை ஒட்டி ஒரு முதலாமாண்டுப் பெண். படிப்பையே விடப்போவதாகச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். பாடம் கிசுகிசுப்பாக ஆரம்பித்தது. நடுவில் ஒருவன், "மேடம்கிட்ட கேன்டீன் எங்கன்னு கேட்டேன்டா. 'உனக்கு நெஜமாவே பசிக்குதா?'ன்னு கேட்டாங்க" என்றான்.

சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முதலில் வெடித்தது மைத்துனிதான். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எங்கிட்டயும் அதே கதைதான். எந்த டிரஸ் போடட்டும்னு கேட்டா, 'யாரு பாக்கணும்னு போடுற?'ம்பா. ஒரு நாளாவது நேரா பதில் சொல்லியிருப்பாளா!" என்றாள்.

டிரைவரும் சிரித்தார். ஆஸ்பத்திரியில், கட்டிலருகே அவரும் ஒன்று கேட்டிருந்தார்: "நீ இல்லாம நான் சமாளிச்சிடுவேனா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று டீ வாங்கப் போனார். திரும்பி வருவதற்குள் போய்விட்டாள். யோசனை இன்னும் முடியவில்லை.

"வந்துடுச்சு!" என்று மூலையிலிருந்து ஒரு கத்தல். வண்டி வந்துவிட்டதாக்கும் என்று சொந்தக்காரர்கள் மொத்தமும் எழுந்து நின்றார்கள். முதலாமாண்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "விடைங்க" என்றாள், விரல் இடுக்கு வழியாக.

டிரைவர் குனிந்து, மனைவியின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். "கேட்டுச்சா?" என்றார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது சாயங்காலம். பிள்ளைகளும் கூடவே வந்து, ஜமக்காளத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். முதலாமாண்டுப் பெண் மட்டும் சமையலறைக்கு வந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். டிரைவர் டீ போட்டு அவளுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வைத்தார்.

"படிப்பை விடப் போறியாமே?"

"நாளைக்கு எழுதிட்டுப் பாக்கறேன் அங்கிள்."

மரியாதைக்குப் பாதி டம்ளர் குடித்திருந்தாள். டிரைவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஏம்மா, நான் தனியா சமாளிச்சிடுவேனா?"

நீங்க என்ன நினைக்கிறீங்க என்று இவளும் கேட்பாள், அந்தப் பயிற்சிதானே. அவர் தயாராக இருந்தார்.

"மாட்டீங்க அங்கிள்" என்றாள் அவள். "இந்த டீயில பால் இருக்கு, சர்க்கரை இருக்கு, டீத்தூளைக் காணோம். காலையிலேருந்து மேடம் கண்ணாடியை வேற போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

டிரைவர் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவள் எழுந்தாள். நாற்காலியைத் தரை கீச்சிட இழுத்து, மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் போட்டாள்.