அவசரத்தில் போட்ட நங்கூரம்

சிலுவைத் தண்டல் ஆயுசு முழுக்க உப்புத்தண்ணீரில் தோணி ஓட்டியவர். இப்போது அந்த உப்புத்தண்ணீர் ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து ரப்பர் குழாய் வழியாக அவர் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

முந்தின நாள் கொழும்பிலிருந்து திரும்பிய தோணி தூத்துக்குடிக் கரையை நெருங்கும்போதே வாந்திபேதி அவரைச் சாய்த்துவிட்டது. ஆட்கள் கைக்குக் கிடைத்த சின்ன நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவரை வள்ளத்தில் அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். நரம்பெல்லாம் வற்றி ஒட்டிக் கிடந்தன. ஓடிவந்த டாக்டர் கைகழுவக்கூட நிற்கவில்லை. சரக்குக் கொட்டகையில் மூட்டைமேல் கிடத்தியே வலது முழங்கை மடிப்பில் ஊசியை ஏற்றினார். போன உயிர் திரும்பி வந்தது.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஞானப்பூ, கொதிக்கவைத்து எடுத்த வேறு ஊசியோடு கட்டிலருகே நின்றாள். யுத்தகாலம், ஒரு ஊசி கிடைப்பதே பெரும்பாடு. அதைக்கூடத் தண்டல் மதிக்கவில்லை.

"அண்ணாச்சி, அது அவசரத்துல அழுக்குக் கையோட போட்ட ஊசி. இடதுகையில புதுசு போட்டுட்டு அத எடுத்துரணும். பாருங்க, சிவந்திருக்கு. சீழ் ஏறிச்சுன்னா கையவே எடுக்க வேண்டி வரும்."

தண்டலுக்கு உள்ளூரப் பயம்தான். அது சுக்கான் பிடிக்கிற கை. ஆனால் ஊசியை உருவினால் உயிரும் கூடவே வந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிசு. போதாக்குறைக்குக் கழுத்தில் கயிற்றோடு கிடந்த மாதா படத் துணியான உத்தரியத்தைக் கழற்றி, வேர்வை ஊறிய அதன் கயிற்றால் ஊசியை அணைத்துக் கட்டி வைத்திருந்தார்.

"பிடிச்சு நிக்கிற நங்கூரத்த எவனாவது கிளப்புவானா தாயீ? மணப்பாட்டு ஆண்டவரே வந்து சொன்னாலும் எடுக்க விடமாட்டேன்."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகப்படியாகிவிட்டதோ என்று தோன்ற, இடதுகையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது அவருடைய தோணியாள் ஏசுவடியான் பார்க்க வந்தான்.

"தோணி எங்கனலே கெடக்கு?"

"நேத்து விட்ட எடத்துலதான் தண்டலே. அந்தச் சின்ன நங்கூரம்தான். அசையாம நிக்கி."

தண்டலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே மூதி, அந்தப் பக்கம் பூரா பாறை. உரசி உரசிக் கயிறு இந்நேரம் நைஞ்சிருக்கும். அவசரத்துல போட்டத அப்படியேவா விட்டு வைப்பாவ?"

"எடுத்தா தோணி அடிச்சிட்டுப் போயிராதா?"

"மொதல்ல பெரிய நங்கூரத்த நல்ல தரையில போடு. அது பிடிச்ச பொறவு சின்னத எடு. ஓடுலே."

ஏசுவடியான் ஓடினான். ஞானப்பூ ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான். தண்டல் கூரையைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை.

"மொதல்ல புதுசப் போட்டுருவியா?" என்றார் மெதுவாக.

"அது பிடிச்ச பொறவுதான் பழசத் தொடுவேன்."

உத்தரியத்தை அவரே அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு இடதுகையை நீட்டினார். ஊசி ஏறியது.

"பிடிச்சிட்டா?"

"பிடிச்சிட்டு அண்ணாச்சி."

"அப்போ கிளப்பு."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது உயிர் இருந்தது. பழைய ஊசி இருந்த இடத்தில் அவள் அழுத்திய பஞ்சில் ஒரு பொட்டுச் சீழ் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள்.

சாயங்காலம் ஏசுவடியான் திரும்பி வந்தான்.

"பெரிய நங்கூரம் பிடிச்சிட்டு தண்டலே. பழைய கயிறு ஒத்தப் புரியிலதான் நின்னிருக்கு. இன்னைக்கு விட்டிருந்தோம்னா தோணி போயிருக்கும்."

தண்டல் வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், விரித்தார். எல்லாம் சொன்னபடி கேட்டன. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இத அந்த நர்ஸம்மாகிட்ட நீயே போயிச் சொல்லுலே," என்றார். "எனக்கு அவ மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு."